ஈரலின் மறைவில் இதயம்

எங்கள் பெரியப்பாவுக்குப் பதினைந்து வருடமாக ரத்தக் கொதிப்பு. காலையில் இட்லிக்கு முன்னால் ஒரு மாத்திரை, ராத்திரி படுக்கப்போகும்போது ஒன்று. கல்லீரல் சுருங்கத் தொடங்கிய இரண்டாம் வருடம் அவருடைய பி.பி. தானாகவே இறங்கியது. 150-க்குக் கீழே வந்தறியாத மேல் எண், 110, 104 என்று காட்டியது. மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். "ஒரு சனியன் வந்தா இன்னொரு சனியன் கிளம்பிடுது பாரு" என்று அவர் சிரித்தார். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்கான பரிசோதனைகள் தொடங்கியபோது எடுத்த எக்கோவில், இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளும் ரத்தம் 68 சதவீதம் என்று அச்சாகியிருந்தது. 55-க்கு மேல் இருந்தாலே நல்ல இதயம் என்பார்கள். அண்ணன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் காட்டினான்.

அந்தத் தாளில் பொய் ஒன்றும் இல்லை. அதைப் படித்துவிட்டு வீட்டில் நாங்கள் அடைந்த நிம்மதிதான் தப்பு.

கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும்போது (இதைத்தான் சிரோசிஸ் என்கிறார்கள்), குடலிலிருந்து அதற்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. அதைத் தொடர்ந்து நைட்ரிக் ஆக்ஸைடு போன்ற வேதிப்பொருள்கள் பெருகி, வயிற்றுப் பகுதித் தமனிகள் தளர்ந்து விரிந்துவிடுகின்றன. குழாய் அகன்றால் அழுத்தம் விழும். அதை ஈடுகட்ட இதயம் கூடுதலாக இறைக்க வேண்டியிருக்கிறது. ஆரோக்கியமான ஒருவருக்கு நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் என்றால், முற்றிய சிரோசிஸ் நோயாளியின் இதயம் எட்டு லிட்டர், சில சமயம் அதற்கு மேலும் இறைக்கும். உள்ளங்கை சிவந்து வெதுவெதுப்பாக இருப்பதும், நாடி விரலுக்கடியில் துள்ளுவதும் இதனால்தான். 1953-இலேயே கோவால்ஸ்கி, ஆபெல்மன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதை அளந்து எழுதிவிட்டார்கள்.

வீட்டு மோட்டாரை நினைத்துக்கொள்ளலாம். தரைமட்டத் தொட்டிக்குத் தண்ணீர் விடும்போது எந்தப் பழைய மோட்டாரும் கொட்டோ கொட்டென்று கொட்டும். மூன்றாம் மாடித் தொட்டிக்கு ஏற்றச் சொன்னால்தான் அதன் லட்சணம் தெரியும். சிரோசிஸ் நோயாளியின் இதயம் எதிர்ப்பே இல்லாத குழாய்களுக்குள் இறைத்துக்கொண்டிருக்கிறது. 68 சதவீதம் என்பது தரைமட்டக் கணக்கு.

இந்த இதயத்துக்குள் வேறு மாற்றங்களும் நடந்திருக்கும். அட்ரினலினுக்குப் பதில் சொல்லும் ஏற்பிகள் மழுங்கிப்போயிருக்கும். தசை விறைத்து, ரத்தத்தை வாங்கிக்கொள்ளும்போது முழுதாக விரியாது. ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி நீண்டிருக்கும். 'சிரோசிஸ் இதயத்தசை நோய்' என்று இதற்குப் பெயர். 2005-இல் மான்ட்ரியல் நகரில் கூடிய குடல்–கல்லீரல் மருத்துவர்கள் இதற்கு முதல் வரையறை கொடுத்தார்கள். பதினைந்து வருடம் கழித்து வந்த திருத்திய வரையறை, இதயத் தசை நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்பதை அளக்கும் 'ஸ்ட்ரெய்ன்' எக்கோவையும் கணக்கில் சேர்த்தது. எளிய எக்கோவுக்குப் பிடிபடாத பலவீனம் அதில் பிடிபடும் என்பதுதான் காரணம். ஆக, கல்லீரல் நோயாளியின் எக்கோவிடம் "இதயம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் அது நன்றாக இருப்பதாகத்தான் சொல்லும். நாளைக்குச் சுமை ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். இந்தத் துறையின் கடந்த முப்பது வருட வேலை முழுவதும் இந்த இரண்டாவது கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில்தான் கழிந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

அதற்கு முன் ஒரு காலம் இருந்தது. சிரோசிஸ் வந்தவருக்கு மாரடைப்பு வராது என்று மருத்துவர்களே நம்பினார்கள். கொலஸ்ட்ரால் குறைந்திருக்கும், ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், உடலில் ஈஸ்ட்ரோஜன் கூடியிருக்கும், ஆகவே இதயத் தமனிக்குப் பாதுகாப்பு என்பது வாதம். கேட்க நன்றாக இருந்தது. 1963 மார்ச் 1-ஆம் தேதி டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் முதல் கல்லீரல் மாற்றைச் செய்தபோது இந்தக் கேள்வியே எழவில்லை. நோயாளி மூன்று வயதுக் குழந்தை. ரத்தப்போக்கு நிற்காமல் மேசையிலேயே இறந்தது. வெற்றி கிடைக்க 1967 வரை ஆனது. அன்றைய நோயாளிகளில் பலர் சிறுவர்கள், இளையவர்கள். அவர்களுடைய இதயத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

நோயாளிகளின் வயது ஏறியதும் கதை மாறியது. இதயத் தமனி அடைப்போடு கல்லீரல் மாற்று செய்துகொண்ட 32 பேரைப் பற்றி பிளாட்கின் என்பவரும் சகாக்களும் 1996-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுக்குள் பாதிப் பேர் இறந்திருந்தார்கள். ஐந்தில் நான்கு பேருக்கு ஏதோ ஒரு பெரிய சிக்கல். அடைப்பு இருந்தால் கல்லீரல் மாற்றே கிடையாது என்று பல மையங்கள் கதவைச் சாத்தியதற்கு இந்த ஒரு சிறிய ஆய்வு பெரிய காரணம். கதவு மறுபடி திறக்கப் பல வருடம் ஆயிற்று. 2013-இல் பல அமெரிக்க மையங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, அடைப்பை முன்கூட்டியே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு மாற்று செய்தால், அடைப்பு இல்லாதவர்களுக்குச் சமமாகவே பிழைக்கிறார்கள் என்று காட்டியது. இடையில் ஸ்டென்ட் மாறியிருந்தது, மயக்கவியல் மாறியிருந்தது, தேடும் முறையும் மாறியிருந்தது.

நோயும் மாறியிருந்தது. முன்பு மஞ்சள் காமாலை வைரஸும் சாராயமும்தான் கல்லீரலைக் கெடுத்தன. இன்று கொழுப்புக் கல்லீரல் அந்த வரிசையில் முன்னேறிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை, தொப்பை, கொலஸ்ட்ரால், ரத்தக் கொதிப்பு என்று அதற்கு உரம் போடுகிற அத்தனையும் இதயத் தமனிக்கும் உரம் போடுபவை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கும் மேல். அவர்களில் கல்லீரல் சுருங்கி மாற்று சிகிச்சைக்கு வருகிறவரிடம் அடைப்பைத் தேடாமல் இருக்கவே முடியாது.

தேடுவதுதான் கஷ்டம். நெஞ்சுவலி வருகிறதா என்று கேட்கலாம். வயிற்றில் நீர் கட்டி, கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும் நடப்பதே பிரயாணமாக இருப்பவருக்கு, வலி வரும் அளவுக்கு இதயத்தை வருத்த வாய்ப்பே இல்லை. டிரெட்மில் பேச்சுக்கே இடமில்லை. டோபுட்டமின் மருந்தை ஏற்றி இதயத்தை ஓடவைத்து எக்கோ பார்ப்பது நீண்டகாலமாக வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் உணவுக்குழாயில் ரத்தம் கசியாமலிருக்க இவர்களில் பலர் புரோப்ரனலால், கார்வெடிலால் மாத்திரை சாப்பிடுகிறார்கள். துடிப்பு எட்ட வேண்டிய எண்ணை எட்டாது. எட்டாத சோதனையில் தேறுவது தேறியதாகாது. ரத்தக்குழாயை விரித்துப் பார்க்கும் ஐசோடோப் ஸ்கேனும் ஏற்கெனவே விரிந்த குழாய்களில் தடுமாறும். சி.டி. ஸ்கேனில் இதயத் தமனியின் கால்சியம் அளவைப் பார்ப்பது எளிது, சாயமும் வேண்டாம். 400-க்கு மேல் போனால் ஆஞ்சியோ பக்கம் போக வேண்டும். சர்க்கரையும் வயதும் புகையும் சேர்ந்திருப்பவர்களுக்கு, இந்த நடுச்சோதனைகளில் காலத்தை ஓட்டாமல் மணிக்கட்டு வழியாக நேரே ஆஞ்சியோ செய்துவிடுவது பல மையங்களின் பழக்கம். தட்டணு குறைந்தவர்களுக்குத் தொடையைவிட மணிக்கட்டு பத்திரமானது. எனக்கு இந்த நேர்வழிதான் நியாயமாகப் படுகிறது. சிறுநீரகம் தள்ளாடிக்கொண்டிருக்கும் நோயாளிக்குச் சாயம் கொடுக்கும் மருத்துவரின் தயக்கமும் புரிகிறது.

அந்த மூன்றாம் மாடித் தொட்டி எப்போது வருகிறது? அறுவை அரங்கில், ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில்.

பழைய கல்லீரலை எடுக்கும் கட்டத்தில் உடலின் கீழ்ப்பாதியிலிருந்து ரத்தம் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரையை முழுதாகவோ ஒருபக்கமாகவோ கிளாம்ப் போட்டு நிறுத்துகிறார்கள். முழுதாக நிறுத்தினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் சட்டென்று குறையும். நல்ல இதயம் தாங்கும். அடைப்புள்ள இதயத்துக்கு அந்த நேரம் பஞ்ச காலம். அதனால்தான் பெருஞ்சிரையை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் புதுக் கல்லீரலை ஒட்டவைக்கும் முறை இன்று பரவலாகிவிட்டது.

பிறகு புதுக் கல்லீரல் வைத்துத் தைக்கப்படுகிறது. பனிக்கட்டியில் பல மணி நேரம் கிடந்த உறுப்பு அது. அதைக் காக்கும் திரவத்தில் பொட்டாசியம் அதிகம் இருக்கலாம். தையல் முடிந்ததும் அறுவை மருத்துவர் தலை நிமிராமலே "திறக்கப் போறேன்" என்கிறார். நோயாளியின் தலைமாட்டில் மயக்க மருத்துவர் அட்ரினலின் சிரிஞ்சையும் கால்சியம் சிரிஞ்சையும் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்திருக்கிறார். மானிட்டரில் மணிக்கட்டுத் தமனியின் சிவப்புக் கோடு மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கிறது. கிளாம்ப் விலகுகிறது. வெளுத்துக் கிடந்த உறுப்பு விளிம்பிலிருந்து உள்ளே பரவும் செம்மையால் நிறம் மாறுகிறது. அறையில் பாதிப் பேர் அதைப் பார்க்கிறார்கள். மயக்க மருத்துவர் அதைப் பார்ப்பதில்லை, அவர் கண் கோட்டின்மேல் இருக்கிறது. குளிர்ந்த, அமிலம் ஏறிய, பொட்டாசியம் கலந்த ரத்தம் நேராக இதயத்தின் வலப்பக்கத்தை அடைகிறது. ஈ.சி.ஜி.யில் டி அலை கூம்பாக எழுகிறது. துடிப்பு மெதுவாகிறது. சிவப்புக் கோடு சரிகிறது.

முதல் ஐந்து நிமிடத்துக்குள் சராசரி அழுத்தம் 30 சதவீதத்துக்கு மேல் விழுந்து ஒரு நிமிடமாவது அப்படியே நின்றால், அதற்கு 'மறு ரத்தஓட்ட நோய்க்குறி' என்று பிட்ஸ்பர்க் மருத்துவர்கள் 1987-இல் இலக்கணம் வகுத்தார்கள். பெரும்பாலானவர்கள் சில நிமிடங்களில் மீண்டுவிடுகிறார்கள். மீளாத சிலரில் இதயம் மேசையிலேயே நின்றுபோகிறது. மேசையில் நிகழும் மரணங்களில் கணிசமான பங்கு இந்தச் சில நிமிடங்களுக்குள் அடங்கிவிடுகிறது. எக்கோவில் 68 வாங்கிய இதயத்துக்கு உண்மையான பரீட்சை இது.

தேறிவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. புதுக் கல்லீரல் வேலை செய்யத் தொடங்கியதும் விரிந்து கிடந்த குழாய்கள் மெல்ல இறுகுகின்றன. தொட்டி இப்போதுதான் நிரந்தரமாக மாடிக்கு ஏறுகிறது. முதல் சில நாட்களில் மூச்சு வாங்குவதும், நுரையீரலில் நீர் கோப்பதும், இதயம் ஒழுங்கு தப்பி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் ஓடுவதும் இதன் விளைவுகள். கல்லீரல் மாற்று வெற்றி, ஆனால் நோயாளி வென்டிலேட்டரில் என்று கேள்விப்படும்போது உறவினர்களுக்குக் குழப்பமாக இருக்கும். கல்லீரல் சரியானதால்தான் இதயத்தின் குறை தெரிகிறது என்பதை எப்படி விளக்குவது? மகிழ்ச்சியான செய்தி, இந்த இதயத்தசை நோய் பலருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் தணிந்துவிடுகிறது.

அடைப்பு கண்டுபிடித்தால் ஸ்டென்ட் வைக்க வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை சேர்த்துச் சாப்பிட வேண்டும். கல்லீரல் நோயாளிக்கோ தட்டணு ஐம்பதாயிரம், உணவுக்குழாயில் வீங்கிய ரத்தக்குழாய்கள். முதலில் எண்டோஸ்கோப்பி வழியாக அவற்றுக்கு பேண்ட் போட்டுக் கட்டிவிட்டுத்தான் ஸ்டென்ட் பற்றிப் பேசவே முடியும். மருந்து பூசிய ஸ்டென்ட் வந்த காலத்தில் ஒரு வருடம் இரண்டு மாத்திரை என்றார்கள். ஒரு வருடம் காத்திருக்க எத்தனை கல்லீரல் நோயாளிகளால் முடியும்? இப்போதைய ஸ்டென்ட்களுக்கு, ரத்தம் கசியும் அபாயம் உள்ளவர்களிடம் ஒன்று முதல் மூன்று மாதம் போதும் என்று வந்திருக்கிறது. பல மாற்று சிகிச்சைகள் சாத்தியமானது அறுவைக் கத்தியால் இல்லை, இந்தக் காலக்கெடு குறைந்ததால். மூன்று தமனியிலும் அடைப்பு என்றால் வழி குறுகிவிடும். முற்றிய சிரோசிஸோடு பைபாஸ் செய்தால் பிழைப்பது அரிது. கல்லீரல் இல்லாமல் பைபாஸ் முடியாது, பைபாஸ் இல்லாமல் கல்லீரல் முடியாது. சில பெரிய மையங்கள் இரண்டையும் ஒரே அமர்வில் செய்து இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்திருக்கின்றன. வால்வு சுருங்கியவர்களுக்கு நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாக வால்வு வைக்கும் முறை வந்தது உண்மையிலேயே பெரிய உதவி.

ஒரு கதவு மட்டும் இன்னும் கனமாகவே இருக்கிறது. போர்ட்டல் அழுத்தத்தோடு நுரையீரல் தமனியிலும் அழுத்தம் ஏறிய நோயாளிகள். அங்கே சராசரி அழுத்தம் 35-க்குள் இருந்தால் துணியலாம். 50-ஐத் தாண்டினால் அறுவை என்பது ஏறக்குறைய மரண தண்டனை என்பதைப் பழைய அனுபவம் காட்டியது. சில்டனாஃபில், போசென்டான் போன்ற மருந்துகளால் மாதக்கணக்கில் பாடுபட்டு 35-க்குக் கீழே இறக்கிவிட்டு மேசைக்குக் கொண்டுவருகிறார்கள்.

இதுவரை பேசியது கல்லீரல் கெட்டு இதயம் சந்தேகத்துக்குள்ளான கதை. எதிர்த்திசையிலும் கதை உண்டு. இதயத்தைச் சுற்றியுள்ள உறை காசநோயால் தடித்து இறுகிவிட்டால், ரத்தம் பின்னோக்கித் தேங்கி, கல்லீரல் வீங்கி, வயிற்றில் நீர் கட்டும். பார்க்க அச்சு அசல் சிரோசிஸ். கழுத்துச் சிரை புடைத்திருக்கிறதா என்று பார்க்காத மருத்துவரிடம் இந்த நோயாளி வருடக்கணக்கில் கல்லீரல் மாத்திரை சாப்பிடுவார். அவருக்குத் தேவை புதுக் கல்லீரல் அல்ல, இதய உறையை உரித்தெடுப்பது. காசநோய் இன்னும் நம்மோடு குடியிருக்கும் நாட்டில் இதை மறக்கக் கூடாது. ஒற்றைக் கீழறையோடு பிறந்து ஃபோன்டான் அறுவையால் பிழைத்த குழந்தைகள் இன்று முப்பதை எட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய கல்லீரல் பல வருடத் தேக்கத்தால், வெட்டிய சாதிக்காய் போலப் புள்ளி புள்ளியாகித் தழும்பேறுகிறது. சிலருக்கு இதயமும் கல்லீரலும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கிறது.

இரண்டையும் சேர்த்து முதலில் வாங்கிக்கொண்டவள் டெக்சாஸைச் சேர்ந்த ஸ்டார்மி ஜோன்ஸ் என்ற ஆறு வயதுச் சிறுமி. அவளுடைய கொலஸ்ட்ரால் ஆயிரத்துக்கு மேல். தோலில் மஞ்சள் கொழுப்புக் கட்டிகள். அந்த வயதிலேயே மாரடைப்பு, பைபாஸ், வால்வு மாற்று எல்லாம் பார்த்துவிட்டாள். வேடிக்கை என்னவென்றால், அவளுடைய கல்லீரல் சுருங்கவில்லை, வீங்கவில்லை. ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பைப் பிடித்து இழுக்கும் ஏற்பி மட்டும் அதில் வேலை செய்யவில்லை. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இதயத்தை மட்டும் மாற்றினால் புது இதயமும் அடைத்துப்போகும். ஆகவே 1984 பிப்ரவரி 14 அன்று பிட்ஸ்பர்க்கில் ஸ்டார்ஸல் குழு இரண்டையும் மாற்றியது. சில வாரங்களில் கொலஸ்ட்ரால் முந்நூறுக்குக் கீழே வந்தது. அவள் பள்ளிக்குப் போனாள், 1990-இல் பதின்மூன்றாம் வயதில் இறந்தாள். இதய நோய்க்கு மருந்து கல்லீரலில் இருந்தது என்பதை அந்தச் சின்ன உடம்பு நிரூபித்தது. இரட்டை மாற்றில் வழக்கமாக இதயத்தைத்தான் முதலில் வைப்பார்கள். வெளியே எடுத்த இதயம் நான்கு மணி நேரம்தான் தாங்கும், கல்லீரல் அதைவிட அதிக நேரம் பொறுக்கும். கூடவே வந்த கல்லீரல், இதயத்தை உடல் நிராகரிக்காமலும் ஓரளவு காக்கிறது.

சரி, யாருக்குக் கொடுப்பது? அமெரிக்காவில் 2002 முதல் காத்திருப்போர் வரிசையை மெல்ட் என்ற எண் தீர்மானிக்கிறது. பிலிருபின், ரத்தம் உறையும் நேரம், கிரியாட்டினின், பின்னர் சோடியம். இதயம் அந்தச் சூத்திரத்தில் இல்லவே இல்லை. யார் சீக்கிரம் இறப்பார் என்பதை அந்த எண் சொல்லும், யார் மேசையில் பிழைப்பார் என்பதைச் சொல்லாது. தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கிய மூளைச்சாவு உறுப்பு தானத் திட்டம் நாட்டுக்கே முன்மாதிரி. ஆனாலும் இந்தியாவில் ஆண்டுக்கு நடக்கும் 4,000-க்கு மேற்பட்ட கல்லீரல் மாற்றுகளில் மிகப் பெரும்பங்கு உயிரோடிருக்கும் உறவினர் கொடுப்பதுதான். அங்கே கணக்கே வேறு. இதயம் சந்தேகமான கணவனுக்காக, ஒரு குறையுமில்லாத மனைவியின் கல்லீரலில் அறுபது சதவீதத்தை வெட்டியெடுப்பதா? கலந்தாலோசனை அறையில் இந்தக் கேள்வியை மருத்துவர் நேராகக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். கேட்டாலும் நம் வீடுகளில் வரும் பதில் ஒன்றுதான்: "நீங்க எடுங்க டாக்டர், மத்ததைக் கடவுள் பாத்துப்பார்." பயத்தை "ஈரக்குலை நடுங்குது" என்று சொல்லும் மொழிக்காரர்கள் நாம். அந்த அறையில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உறவினர் தானத்தில் ஒரு நன்மை உண்டு. தேதியை நாம் குறிக்கலாம். ஸ்டென்ட் வைத்து, இரண்டு மாதம் காத்து, பிறகு அறுக்கலாம். நள்ளிரவில் வரும் தொலைபேசி அழைப்புக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

பெரியப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது. ஆஞ்சியோவில் ஒரு தமனியில் அடைப்பு தெரிந்தது. ஸ்டென்ட் வைத்து பத்து வாரம் கழித்து, பெரியம்மாவின் கல்லீரலில் பாதிக்குமேல் அவருக்குள் போனது. மூன்றாம் நாள் மூச்சு வாங்கி மறுபடி ஐ.சி.யு.வில் நான்கு நாள். இப்போது டேக்ரோலிமஸ் சாப்பிடுகிறார். அது ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றும் மருந்து. போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது மேல் எண் 146. பழைய பி.பி. மாத்திரையைத் திரும்ப எழுதிக் கொடுத்தார்கள். "போன சனியன் திரும்பி வந்துட்டான்" என்று சலித்துக்கொண்டே மாத்திரைப் பெட்டியில் அதற்கொரு அறை ஒதுக்கினார். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.